441 பைட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு நின்று கேட்டால், எல்லாச் சத்தங்களுக்கும் அடியில் ஒரு சத்தம் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். பழைய இரும்பை உருக்கும் உலைகளும், அதைக் கம்பியாக்கும் ரோலிங் மில்களும் நிறைந்த பகுதி அது. லாரி வரும், போகும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பேச்சுக் குரல்கள் எழுந்து அடங்கும். டிரான்ஸ்ஃபார்மரின் 'ம்ம்ம்' மட்டும் அடங்காது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஒவ்வோர் அலையிலும் காந்தப்புலம் இரண்டு முறை உச்சம் தொடுவதால், டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு சுருங்குகின்றன. அந்த அதிர்வுதான் நம் காதில் விழுகிறது.

இந்த 'ம்ம்ம்'மை ஒரு கணினி விளையாட்டுக்குள் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? ஒலியை நொடிக்கு 22,050 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு பைட்டாக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அந்த அளவை ஒவ்வொன்றையும் சாம்பிள் என்பார்கள். 100 ஹெர்ட்ஸ் அலையின் இரண்டு சுற்றுகள் அதில் மிகச் சரியாக 441 சாம்பிள்களுக்குள் அடங்கும். அந்த 441 பைட்டை விளையாட்டு திரும்பத் திரும்ப ஒலித்தால் டிரான்ஸ்ஃபார்மர் விடிய விடிய முனகும். எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. ஆகவே 441 பைட்டில் 147 குறியீடுகள்தான் எழுத முடியும். இந்தப் பத்தியின் நீளமான இரண்டு வாக்கியங்களில் அது தீர்ந்துவிடும்.

இந்த அத்தியாயத்தில் நாம் ஒரு மேப் செய்யப்போகிறோம். விளையாட்டோடு நிறுவனம் கொடுக்கும் களங்கள் போக, ஆடுபவர்கள் தாங்களே வரைந்து பகிர்ந்துகொள்ளும் களத்துக்குத்தான் மேப் என்று பெயர். 1993இல் வந்த 'டூம்' இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. 'கவுன்டர்-ஸ்ட்ரைக்'கே 1999இல் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் மேல் ரசிகர்கள் கட்டிய மாற்று வடிவமாகத்தான் பிறந்தது. நம் மேப்பின் ஒரு முனையில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையம் இருக்கட்டும். நடுவில் ஒரு ரோலிங் மில். மறுமுனையில் ஒரு சிறு சலுகை எடுத்துக்கொண்டு, அதே திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு ரயில் பாதையில், திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே இருக்கும் திருவாலங்காட்டைக் கொண்டுவந்து வைப்போம். சிவனின் ஐந்து ஆடல் சபைகளில் ரத்தின சபை அங்கேதான் இருக்கிறது. அங்கே நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்க வேண்டும்.

அளவைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்பதற்கு 'வார்கிராஃப்ட் 3' நல்ல சாட்சி. 2002இல் வெளியான அந்த விளையாட்டோடு மேப் வரையும் கருவியும் சேர்ந்தே வந்தது. உலகமே பிறகு ஆடித் தீர்த்த 'டோட்டா' அந்தக் கருவியில் பிறந்ததுதான். ஆனால் பலர் சேர்ந்து ஆடும் மேப் 4 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்தது. 2009இல்தான் அது 8 ஆனது. நிலம், ஆட்கள், படங்கள், விதிகள், இசை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதுவும் ஆட்டத்தை நடத்துபவரின் கணினியிலிருந்துதான் மற்றவர்களுக்குப் போகும். இந்திய அரசின் 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. அந்த வேகத்தில் 4 மெகாபைட் ஒருவருக்குப் போய்ச் சேர 131 நொடி. பத்துப் பேர் ஆட்டத்தில் மற்ற ஒன்பது பேரிடமும் அந்த மேப் இல்லையென்றால், எல்லோருக்கும் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

இன்று இணைப்பு வேகமாகிவிட்டது. ஆனாலும் சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் நான்கைந்து பேராகத் தங்கி, ஒடிசாவிலும் பீகாரிலும் இருக்கும் வீடுகளோடு பேசிவிட்டு, மிஞ்சிய டேட்டாவில் ஆடுகிற தொழிலாளியின் போனை நினைத்துப் பாருங்கள். அதில் சேமிப்பிடம் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். சிறியதாகச் செய்யப்பட்ட மேப் அவரிடமும் போய்ச் சேரும் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒலிக்கு ஆகும் விலையை முதலில் பார்ப்போம். சிடியில் நொடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 2 பைட், இடம் வலம் என்று இரண்டு வரிசை. நொடிக்கு 1,76,400 பைட். மூன்று நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட 32 மெகாபைட். அந்த 4 மெகாபைட் வரம்பைப்போல எட்டு மடங்கு.

முதலில் விடக்கூடியது இரண்டாவது வரிசை. இதில் இழப்பு ஏதும் இல்லை, லாபம்தான். முப்பரிமாண விளையாட்டில் ஓர் இடத்திலிருந்து வரும் சத்தத்தை, ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்று பார்த்து விளையாட்டே இடத்துக்கும் வலத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது. 'மைன்கிராஃப்ட்' போன்றவற்றில் ஸ்டீரியோ கோப்பைப் போட்டால் இந்த வசதியே போய்விடும். மில்லை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் சத்தம் குறையாமல் தலைக்குள்ளேயே ஒலிக்கும்.

அடுத்தது நொடிக்கு எத்தனை சாம்பிள் என்பது. ஓர் அலையைப் பிடிக்க, அதன் ஒரு சுற்றுக்கு இரண்டு சாம்பிளுக்கு மேல் வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தந்திக் கம்பிகளை ஆராய்ந்தபோது கண்ட வழியில் வந்த விதி இது. ஆகவே 22,050 சாம்பிளில் 11,025 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒலி தங்கும். 11,025 சாம்பிளாகக் குறைத்தால் 5,500 சொச்சத்தோடு நின்றுவிடும். தவிலுக்கு இதனால் பெரிய கேடில்லை. ஜால்ராவுக்குக் கேடு. அதன் 'சிங்'கில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. கீழே எஞ்சுவது ஏதோ தகரத்தைத் தட்டிய ஓசை. ஆகவே எல்லா ஒலிக்கும் ஒரே அளவு என்று வைப்பது வீண். மில்லின் உறுமலுக்கு 11,025 போதும், ஜால்ராவுக்கு முழுதும் கொடுக்க வேண்டும்.

சாம்பிளுக்கு இரண்டு பைட்டுக்குப் பதில் ஒன்று என்றால் 256 படிகள்தான் கிடைக்கும். இடையில் வரும் மதிப்புகள் பக்கத்துப் படிக்குத் தள்ளப்படும். அந்தத் தள்ளல் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலாகக் கேட்கும். மில்லுக்குள் அது தெரியாது. நாதஸ்வரக்காரர் ஆலாபனையில் ஒரு சுரத்தை மெல்லத் தேய்த்து முடிக்கும் இடத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

மில்லுக்குள் ஏன் தெரியாது? ரயில் நிலைய டீக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கூடூர் பக்கம் போகும் சரக்கு ரயில் ஒன்று கடக்கிறது. அந்த நேரம் பாட்டு நின்றுபோனதா? இல்லை, காற்றில் அது அப்படியே இருக்கிறது. உரத்த ஒலி ஒன்று, தன் சுருதிக்கு அக்கம்பக்கத்தில் உள்ள மெல்லிய ஒலிகளைக் காதுக்கு எட்டாமல் மறைத்துவிடுகிறது. உரத்த ஒலி நின்ற பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அந்த மறைப்பு நீடிக்கிறது. காதுக்கு எட்டாததை எதற்குச் சேமிக்க வேண்டும் என்ற கேள்வியில் பிறந்ததுதான் எம்பி3. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் தோழர்களும் இதை உருவாக்கியபோது, பக்க வாத்தியமே இல்லாமல் சூசன் வேகா பாடிய ஒரு பாடலை வைத்துச் சோதித்துச் சோதித்துத் திருத்தினார்கள். தனிக் குரலில் மறைப்பதற்கு வேறு ஒலி இல்லை, பிழை உடனே வெளியே வந்துவிடும் என்பதே காரணம். தனி ஆலாபனைக்கும் இதே சிக்கல் உண்டு. தவிலோடு சேர்ந்த மல்லாரியை 48 கிலோபிட்டில் சுருக்கினால் தாங்கும். தனி நாதஸ்வரத்தை அப்படிச் சுருக்கினால் அது தண்ணீருக்கடியில் இருந்து வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

எம்பி3யை மேப்பில் போட்டவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது முட்டிக்கொண்ட சுவர் ஒன்று உண்டு. பின்னணி இசை முடிந்ததும் முதலிலிருந்து ஓட வேண்டும். எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள்கள் கொண்ட கட்டங்களாகவே வைக்கும். கடைசிக் கட்டம் நிறையாவிட்டால் மௌனத்தால் நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேர்க்கும். ஒரு கட்டம் 26 மில்லி நொடி. பேச்சில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆதி தாளத்தில் எட்டாவது அட்சரம் முடிந்து மறுபடி சமத்தில் விழ வேண்டிய தவில் அடி 26 மில்லி நொடி தாமதமானால், சங்கீதம் படிக்காதவர் காலும் தடுமாறும். 2002இல் முழு வடிவம் பெற்ற ஆக் வார்பிஸ் இந்த வகையில் நேர்மையானது. எத்தனை சாம்பிள் கொடுத்தோமோ அத்தனையையே திருப்பித் தரும். மைன்கிராஃப்ட் அதைத்தான் பயன்படுத்துகிறது.

வெட்டும் இடமும் பொருந்த வேண்டும். நம் டிரான்ஸ்ஃபார்மரையே 441க்குப் பதில் 400 சாம்பிளில் வெட்டினால், அலை பாதியில் அறுந்து தொடக்கத்துக்குத் தாவும். அந்தத் தாவல் நொடிக்கு 55 முறை நிகழ்ந்து, 'ம்ம்ம்' என்பது வண்டு ரீங்காரமாக மாறும். கருவி, கோப்பு எல்லாம் அதே. 41 பைட் போனது, டிரான்ஸ்ஃபார்மரும் போனது.

இதுவரை பதிவு செய்த ஒலியைச் சுருக்குவது பற்றித்தான் பேசினோம். இன்னொரு வழி இருக்கிறது. ஒலியை விட்டுவிட்டு, அதை எழுப்பும் முறையை மட்டும் எழுதி அனுப்புவது. நமக்கு இது புதிதல்ல. ச ரி க ம என்று ஒரு கீர்த்தனையைச் சுரப்படுத்தி எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்குகிறது. 1983இல் வந்த மிடி செய்வதும் இதுதான். இந்தச் சுரம், இவ்வளவு அழுத்தம், இப்போது தொடங்கு, இப்போது நிறுத்து என்று ஒரு சுரத்துக்கு எட்டு பைட் அளவு. ஆயிரம் சுரங்கள் கொண்ட பாட்டு 8 கிலோபைட். டூம் மேப்களின் இசை இந்த வகைதான்.

எழுதியதை வாசிக்க மறுமுனையில் கருவி இருக்க வேண்டும். திருவாலங்காட்டில் இந்தச் சிக்கல் வேறொரு வடிவத்தில் நிற்கிறது. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியவர் என்று ஆய்வாளர்கள் கருதும் காரைக்கால் அம்மையார், இந்த ஊரைப் பாடிய மூத்த திருப்பதிகத்தில் துத்தம், விளரி முதலிய பழந்தமிழ்ச் சுரப் பெயர்களையும், கரடிகை, குடமுழா, மொந்தை, சச்சரி என்று கருவிகளையும் வரிசையாகச் சொல்கிறார். பெயர்கள் பதினான்கு நூற்றாண்டைத் தாண்டி முழுசாக வந்து சேர்ந்துவிட்டன. சச்சரி எப்படி ஒலித்தது? அந்த ஒலி நம்மிடம் இல்லை.

1991இல் ஜெனரல் மிடி என்ற ஒப்பந்தம் 128 ஒலிகளுக்கு எண் கொடுத்தது. எந்த நாட்டுக் கணினியானாலும் 1 என்றால் பியானோ. அந்தப் பட்டியலில் 105 சிதார், 112 ஷெனாய். நாதஸ்வரம் இல்லை, வீணை இல்லை, மிருதங்கமும் தவிலும் பறையும் இல்லை. உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட பட்டியல் இது. ஆகவே திருவாலங்காட்டு மேளத்தை மிடியில் எழுதுபவர் 112ஐ அழைத்து, அதை நாதஸ்வரமாக நினைத்துக்கொள்ளும்படி கேட்பவரை வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

கமகத்துக்கு மட்டும் மிடியில் வழி உண்டு. சுரத்தை வளைக்கும் கட்டளை 16,384 நுண்படிகள் கொண்டது. நொடிக்கு 50 வளைவு கொடுத்தாலும் 200 பைட்தான். இரண்டரை நிமிட நாதஸ்வரம் முழுக்கக் கமகத்தோடு 30 கிலோபைட்டில் முடிந்துவிடும். சுரத்தை மட்டும் எழுதினால் பாட்டு வராது என்பதை சுப்பராம தீட்சிதர் நன்றாக அறிந்திருந்தார். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில், சுரங்களுக்கு மேல் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி இட்டிருக்கிறார். அந்தக் குறிகளைக் கோத்த அச்சுக்கோப்பவர்களின் பொறுமையை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

பதிவு, எழுத்து என்ற இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. நம் மேப்புக்கு அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்காக 'அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர்' என்ற மென்பொருளைச் செய்தார். கருவியின் ஒலியை ஒரே ஒரு முறை பதிந்து கோப்போடு வைத்துக்கொள்ளும், அதை எந்தச் சுருதியில் எப்போது எழுப்ப வேண்டும் என்பதை ஒரு கட்டத்தாளில் எழுதும். மறுமுனையில் தவில் இருக்கிறதா என்ற கவலையே இல்லை, தவில் கூடவே போகிறது. 1998இல் வந்த 'அன்ரியல்' விளையாட்டின் இசை முழுவதும் இப்படித்தான் அமைந்தது. டூம் வழிவந்த எஞ்சின்கள் சிலவும் இந்தக் கோப்புகளை இசைக்கும். வார்கிராஃப்ட் இசைக்காது. எனவே மேப்பை டூம் வழியில் கட்டிக்கொண்டு, 4 மெகாபைட் வரம்பை மட்டும் வார்கிராஃப்டிடம் கடன் வாங்குவோம்.

அந்தப் பழைய ட்ராக்கரில் நான்கு வரிசைகள் மட்டுமே உண்டு. மேளத்துக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. சுருதிக்காக ஊதும் ஒத்துக்கு ஒன்று, நாதஸ்வரத்துக்கு ஒன்று, விரலில் கூடு மாட்டி அடிக்கும் தவிலின் வலந்தலைக்கு ஒன்று, குச்சியால் அடிக்கும் தொப்பிக்கு ஒன்று. ஜால்ராவைத் தொப்பி ஓய்ந்திருக்கும் கணங்களில் அதே வரிசையில் செருகலாம். கட்டத்தாளின் ஒரு பக்கத்துக்கு 64 வரி. ஓர் அட்சரத்துக்கு நான்கு வரி என்றால் ஆதி தாளம் சரியாக இரண்டு ஆவர்த்தனம். கண்ட சாபு வேண்டுமா? 60ஆவது வரியில் பக்கத்தை முறிக்கும் கட்டளை இருக்கிறது.

ஜால்ரா நீங்கலாகக் கணக்கைப் பார்ப்போம். தவிலின் ஐந்து சொற்கள், ஒவ்வொன்றும் அரை நொடி: 55 கிலோபைட். நாதஸ்வரத்தின் ஒரு நீண்ட சுரம், ஒரு நொடி: 22. ஒத்து நான்கு நொடி: 88. ஒத்தை இன்னும் குறைக்கலாம்தான். ஆனால் ஊதுபவரின் மூச்சு மாறும் அந்த மெல்லிய அலைவு இல்லாவிட்டால் அது டிரான்ஸ்ஃபார்மருக்குத் தம்பியாகிவிடும். கட்டத்தாளின் ஒரு கட்டம் 4 பைட், 64 வரி, நான்கு வரிசை, ஆக ஒரு பக்கம் 1,024 பைட். இயல்பான வேகத்தில் ஒரு பக்கம் 7.68 நொடி ஓடும். இருபது பக்கம் எழுதினால் இரண்டரை நிமிடத்துக்கு மேல். எல்லாம் சேர்ந்து 186 கிலோபைட். அதே நேரத்துக்கு சிடி தரத்தில் 27 மெகாபைட், 128 கிலோபிட் எம்பி3யில் இரண்டரை மெகாபைட். கட்டத்தின் நான்கு பைட்டுக்குள்ளேயே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவும், சுரத்தை அசைக்கவும் இடம் இருக்கிறது. தீட்சிதர் சுரத்துக்கு மேல் இட்ட குறி இங்கே சுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மில்லுக்கு வேறு உத்தி. அங்கே மெட்டு வேண்டாம், அலுக்காத சூழல் வேண்டும். உலையின் இரைச்சல் 7 நொடி, கம்பி விழும் ஓசைகள் 11 நொடி, தூரத்து லாரிகள் 13 நொடி என்று மூன்று துண்டுகளை எடுத்து, மூன்றையும் ஒன்றாகத் தொடங்கித் தனித்தனியே சுழல விடுங்கள். 7, 11, 13 ஆகியவற்றில் எந்த இரண்டுக்கும் 1ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. மூன்றும் மறுபடி ஒன்றாகத் தொடங்கும் கணம் 1,001 நொடி கழித்துத்தான் வரும். 31 நொடி ஒலியில் 16 நிமிடத்துக்கு மேல் திரும்பாத ஒரு சூழல். தனி ஆவர்த்தனத்தில் வெவ்வேறு நடையில் பிரிந்துபோய்ச் சமத்தில் வந்து சேரும் கணக்கே இது, சேரும் இடத்தை மட்டும் தூரத்தில் தள்ளி வைத்திருக்கிறோம். பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கென்று வெளியிட்ட இசைத்தட்டில் வெவ்வேறு நீள நாடாச் சுருள்களை இப்படித்தான் ஓடவிட்டார். 48 கிலோபிட் வார்பிஸில் நம் மூன்று துண்டுகளும் சேர்ந்து 186 கிலோபைட்.

மைன்கிராஃப்டில் மேப் செய்பவர்களுக்கு இதைவிட மலிவான வழியும் உண்டு. அதில் இசைக்கட்டை என்ற ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றும் 25 சுரங்களில் ஒன்றை எழுப்பும். அதன் கீழே கல்லை வைத்தால் பெரிய முரசு, மணலை வைத்தால் சிறு முரசு. பாட்டே களத்தின் சுவராகவும் தரையாகவும் கட்டப்படுகிறது, ஒலிக்கோப்பே தேவையில்லை. அரை சுரத்துக்கு நடுவே போக முடியாது என்பதால் கமகம் வராது. தோடி வேண்டாம், பறை அடி போதும் என்பவர்களுக்கு அது அருமையான கருவி.

மீதம் ரயில். ஒரு ஹாரன், இரண்டு நொடி, 44 கிலோபைட். நிலையத்தில் உரக்கவும், மில் பக்கம் போகப்போக மெல்லவும் அதை ஒலிப்பது எஞ்சினின் வேலை.

மேளம் 186, மில் 186, ஹாரன் 44, டிரான்ஸ்ஃபார்மர் 441 பைட். மொத்தம் 416 கிலோபைட், வரம்பில் பத்தில் ஒரு பங்கு. மேளத்தை எம்பி3யாக மட்டும் வைத்திருந்தால், அந்தப் பழைய 256 கிலோபிட் இணைப்பில் ஒன்பது பேருக்கு அதை அனுப்பவே பதினொன்றரை நிமிடம் ஆகியிருக்கும். இப்போது எல்லா ஒலியும் ஒன்பது பேருக்கும் போய்ச் சேர இரண்டு நிமிடம். நிலையத்து டீக்கடையில் வாங்கிய டீ ஆறுவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். மில்லைக் கடந்து முதலில் மறுமுனைக்கு ஓடுகிறவர் காதில் தொப்பியின் முதல் அடி விழும்.